திரைக்குப் பின் நிற்பவர் யார்? இரேனா செண்ட்லர் இசைநாடகமும் ஆரணி வட்டாரத் தெருக்கூத்தின் விராட பருவமும்

ஆய்வுச்சுருக்கம்

இரண்டாம் உலகப்போரின்போது யூதக் குழந்தைகளைக் காத்த இரேனா செண்ட்லரை மையமாகக் கொண்டு 2022இல் போலந்தில் மேடையேறிய ‘இரேனா’ என்னும் இசைநாடகத்தை முன்வைத்து, அடைக்கலம் தந்தவரைத் தலைமை மாந்தராக்கும் அரங்க வகைமையின் சிக்கலை இக்கட்டுரை ஆராய்கிறது. வார்சா யூதக் குடியிருப்பில் 1942இல் நடிக்கப்பட்ட தாகூரின் ‘டாக் கர்’ நாடகமும், ஆரணி வட்டாரத்துப் பாரதக் கூத்தின் விராட பருவமும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. காத்தவரைவிட மறைந்து வாழ்ந்தவருக்கே பாட்டுரிமை வழங்கும் அரங்கமுறை நம்மிடம் உண்டு என்பதும், அதற்கும் எல்லை உண்டு என்பதும் இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: இசைநாடகம், தெருக்கூத்து, அடைக்கலம், விராட பருவம், இரேனா செண்ட்லர், கோர்ச்சாக், டாக் கர்

முன்னுரை

ஆரணியை வெளியூரார் பட்டுச்சேலையால் அறிவர். அந்நகரைச் சுற்றியுள்ள சிற்றூர்களின் திரௌபதி அம்மன் கோயில்களில் நடைபெறும் பாரத விழாவும், அதில் இரவு முழுதும் ஆடப்படும் கூத்தும் அந்த அளவுக்கு அறியப்படவில்லை. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, இறுதியில் படுகளமும் தீமிதியும் என்று விழா நீளும். தறியை நிறுத்திவிட்டு வரும் நெசவாளரும் உழவரும் விடியும்வரை அமர்ந்து பார்க்கும் அரங்கு அது.

இவ்வட்டாரத்தில் கள ஆய்வு மேற்கொண்டிருந்தபோது, முதிய கூத்து வாத்தியார் ஒருவரிடம் இரேனா செண்ட்லரின் கதையைச் சொல்ல நேர்ந்தது. புதிய கதைகளைக் கூத்தாக்குவது பற்றிய பேச்சினிடையே எழுந்த செய்தி அது. முழுவதையும் பொறுமையாகக் கேட்ட பின்னர் அவர் இரண்டு வினாக்களை எழுப்பினார். இக்கதையில் திரை கட்டி வருபவர் யார் என்பது ஒன்று. அந்தக் குழந்தைகளுக்கு வேடம் உண்டா என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு என்னிடம் உடனடி விடை இருந்தது, இரேனாதான் என்றேன். இரண்டாவதற்கு விடை இல்லை. இரண்டாவதற்கு விடை இல்லாதபோது முதல் விடையும் சரியாக இருக்க முடியாது என்பது பிறகே விளங்கியது. இக்கட்டுரை அவ்விரு வினாக்களிலிருந்து தொடங்குகிறது.

தலைப்பில் நிற்கும் பெயர்

இரேனா செண்ட்லர் (1910–2008) வார்சா நகராட்சியின் சமூகநலத் துறைப் பணியாளர். 1940 நவம்பரில் நகரின் யூதர்கள் மதிலுக்குள் அடைக்கப்பட்டனர். நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அதனுள் நெருக்கப்பட்டனர். தொற்றுநோய்த் தடுப்புப் பணிக்கான அனுமதிச்சீட்டுடன் இரேனாவும் அவருடைய தோழியரும் உள்ளே சென்றுவந்தனர். உணவும் மருந்தும் உள்ளே போயின. குழந்தைகள் வெளியே வந்தனர். போலந்தில் யூதருக்கு அடைக்கலம் தருவோருக்கு மரண தண்டனை என்ற ஆணை 1941 அக்டோபரிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. 1942 டிசம்பரில் உருவான ‘ஜெகோட்டா’ என்னும் தலைமறைவு உதவிக்குழுவின் குழந்தைகள் பிரிவுக்கு இரேனா பின்னர்ப் பொறுப்பேற்றார். 1943 அக்டோபரில் கெஸ்டாப்போவால் கைது செய்யப்பட்டுப் பாவியாக் சிறையில் வதைபட்டார். அதிகாரிகளுக்குக் கையூட்டுத் தந்து அவரை மீட்டனர். குழந்தைகளின் உண்மைப் பெயரும் புதுப்பெயரும் குறித்த தாள்கள் கண்ணாடிக் குடுவையில் இடப்பட்டு மரத்தடியில் புதைக்கப்பட்டன. 1965இல் இஸ்ரேலின் யாத் வாஷெம் நிறுவனம் அவரைச் சிறப்பித்தது.

இவ்வரலாற்றை அடியாகக் கொண்ட ‘இரேனா’ 2022 ஆகஸ்டில் போஸ்னான் இசை அரங்கில் மேடையேறியது. விளோடெக் பாவ்லிக் இசையமைத்தார். மார்க் காம்ப்பெல் பாடல்களை எழுதினார். பிரையன் கைட் இயக்கினார். நாடகப் பனுவலாக்கத்தில் பங்கேற்ற மேரி ஸ்கின்னர், முன்னரே செண்ட்லர் குறித்து ஆவணப்படம் எடுத்தவர். அமெரிக்கக் கலைஞரும் போலந்துக் கலைஞரும் இணைந்து பிராட்வே மரபில் உருவாக்கிய படைப்பு இது. நடிப்பையோ இசையையோ மதிப்பிடுவது இங்கு நோக்கமன்று. அம்மரபின் இலக்கணம் இக்கதையை என்ன செய்கிறது என்பதே கேள்வி.

பிராட்வே இசைநாடகத்தில், தலைமை மாந்தர் தொடக்கக் காட்சிகளிலேயே தம் விழைவைத் தனிப்பாட்டாகப் பாடி அரங்கை வசப்படுத்துவார். பார்வையாளர் அவ்விழைவோடு ஒன்றி, அது தடைபடுவதையும் நிறைவேறுவதையும் பின்தொடர்வர். ‘நான்’ என்று உரக்கப் பாடும் ஒருவர் இல்லாமல் இவ்வகைமை இயங்காது. அடைக்கலம் தருதல் என்னும் செயலோ முற்றிலும் எதிரான இயல்புடையது. அதில் குரல் எழுப்புவது ஆபத்து. தனியாக எவரும் செய்ய இயலாது. செய்தவர் எவரென்று எவரும் அறியக்கூடாது.

எல்ஸ்பியெத்தா பிட்சோவ்ஸ்கா என்னும் குழந்தையின் கதையை எடுத்துக்கொள்ளலாம். 1942 சனவரியில் பிறந்து, சில மாதக் குழந்தையாக இருந்தபோது மயக்கமருந்து கொடுக்கப்பட்டு, மரப்பெட்டியொன்றில் செங்கற்களுக்கிடையே வைத்து வண்டியில் மதிலுக்கு வெளியே கொண்டுவரப்பட்டவர். பெயரும் பிறந்தநாளும் பொறித்த வெள்ளிக்கரண்டி ஒன்று பெட்டியில் உடன் வைக்கப்பட்டிருந்தது. கொண்டுவந்தவர் ஒரு கட்டுமானத் தொழிலாளர். வளர்த்தவர் மருத்துவச்சியான ஸ்தனிஸ்லாவா புசோல்ட். ஒரேயொரு குழந்தையின் உயிருக்கு இத்தனை கைகள் தேவைப்பட்டன. அக்குழந்தை அழாமல் இருந்ததே எல்லாரையும் காத்தது. இக்காட்சியை இசைநாடகம் எவ்வாறு பாடும்? பாடினால் காட்சியின் உயிர் போய்விடும். பாடாவிட்டால் அது இசைநாடகம் ஆகாது. செண்ட்லரே தம்மை வீராங்கனை என்று அழைப்பதை விரும்பவில்லை. தம்முடன் உழைத்த பெண்களின் பெயர்களை இடைவிடாமல் சொல்லிவந்தார். தம்மால் இன்னும் செய்திருக்க முடியும் என்ற குற்றவுணர்வையே இறுதிவரை வெளிப்படுத்தினார். குற்றவுணர்வு வெற்றிப்பாட்டுக்கு ஏற்ற பொருளன்று.

இச்சிக்கல் அழகியலோடு நின்றுவிடுவதில்லை. போலந்து நாடாளுமன்றம் 2018ஐ இரேனா செண்ட்லர் ஆண்டாக அறிவித்திருந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில்தான், யூதப் படுகொலையில் போலந்து நாட்டிற்கோ மக்களுக்கோ பொறுப்பு உண்டென்று கூறுவதைக் குற்றமாக்கும் சட்டத்திருத்தம் அங்கு நிறைவேறியது. தண்டனைப் பிரிவு சில மாதங்களில் நீக்கப்பட்டது. மறைந்திருந்த யூதரைக் காட்டிக்கொடுக்கப்போவதாக மிரட்டிப் பணம் பறித்தவர்களும் அதே வார்சாவில் இருந்தனர். காத்தவர் ஒருவரை முன்னிறுத்தும் கதை, காட்டிக்கொடுத்தவர் பலரை இருளில் நிறுத்தவும் பயன்படும். பிகோண்ட் என்னும் போலந்து இதழாளர் 2017இல் வெளியிட்ட செண்ட்லர் வரலாற்றில், வழக்கமாகச் சொல்லப்படும் 2500 குழந்தைகள் என்ற எண்ணிக்கையை ஐயத்துக்கு உட்படுத்தியுள்ளார். எண்ணிக்கை குறைந்தால் செயலின் மதிப்புக் குறையுமா? குறையாது. ஆனால் மேடைக்கும் அரசுக்கும் பெரிய எண் தேவைப்படுகிறது என்பதை அவ்விவாதம் காட்டுகிறது.

இங்கு ஓர் இடைக்குறிப்பு. செண்ட்லரை உலகம் அறிந்ததே ஒரு சிறு நாடகத்தால்தான். 1999இல் அமெரிக்காவின் கன்சஸ் மாநிலத்து யூனியன்டவுன் பள்ளி மாணவியர், ஆசிரியர் நார்மன் கோனார்டின் வழிகாட்டலில், பழைய இதழ்ச்செய்தி ஒன்றைப் பற்றிக்கொண்டு சில நிமிட நாடகத்தை உருவாக்கினர். எண்ணிக்கை அச்சுப்பிழையாக இருக்கலாம் என்றே ஆசிரியர் முதலில் கருதினார். செண்ட்லர் உயிருடன் இருப்பதைப் பின்னர் அறிந்து, 2001இல் வார்சா சென்று அவரைச் சந்தித்தனர். அந்நாடகத்தின் தலைப்புக் குடுவையைச் சுட்டுகிறது. ‘குடுவைக்குள் வாழ்வு’ என்று தமிழில் சொல்லலாம். போஸ்னான் படைப்பின் தலைப்பு ஒரு பெண்ணின் பெயர். ஊரகப் பள்ளி மாணவியருக்கு இருந்த நுண்ணுணர்வு தொழில்முறை அரங்குக்கு வாய்க்கவில்லை என்று சொன்னால் மிகையாகலாம். ஆயினும் குடுவையில் இருந்தவை குழந்தைகளின் பெயர்கள். அதில் இரேனாவின் பெயர் இல்லை.

1942 சூலை 18

அதே மதிலுக்குள், செண்ட்லர் நன்கறிந்த இன்னொரு மேடையும் இருந்தது. மருத்துவரும் எழுத்தாளருமான யானுஷ் கோர்ச்சாக்கின் அனாதை இல்லத்தில் 1942 சூலை 18 அன்று தாகூரின் ‘டாக் கர்’ நடிக்கப்பட்டது. இல்லத்தில் பணியாற்றிய எஸ்டெர்கா வினோக்ரோன் என்னும் இளம்பெண் இயக்கினார். நடித்தவர்கள் இல்லத்துக் குழந்தைகள். நான்கு நாள்களில், சூலை 22 அன்று, த்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ஆள்களை அனுப்பும் பெருநடவடிக்கை தொடங்கியது. ஆகஸ்டின் முதல் வாரத்தில் கோர்ச்சாக்கும் ஸ்தெபானியா வில்சின்ஸ்காவும் ஏறத்தாழ இருநூறு குழந்தைகளுடன் அழைத்துச் செல்லப்பட்டனர். கோர்ச்சாக் மட்டும் தப்பிக்க நண்பர்கள் ஏற்பாடு செய்ய முன்வந்தபோது அவர் மறுத்துவிட்டார். அவ்வூர்வலத்தைக் கண்டதாகச் செண்ட்லர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார்.

‘டாக் கர்’ 1911இல் எழுதப்பட்டது. நோயுற்ற சிறுவன் அமல், வளர்ப்புத் தந்தை மாதவ தத்தரின் வீட்டில் அடைபட்டிருக்கிறான். காற்றும் வெயிலும் கூடாதென்பது வைத்தியரின் கட்டளை. சன்னலருகே அமர்ந்து, தயிர்க்காரர், காவலர், பூப்பறிக்கும் சுதா, விளையாடும் சிறுவர் ஆகியோருடன் உரையாடுகிறான். எதிரில் அமைந்துள்ள அஞ்சலகத்திலிருந்து அரசர் தனக்குக் கடிதம் அனுப்புவார் என்று காத்திருக்கிறான். ஊர்த்தலைவர் வெற்றுத்தாளைக் காட்டிக் கேலி செய்கிறார், அத்தாளே மெய்யாகிறது. அரசரின் மருத்துவர் வந்து கதவுகளையும் சன்னல்களையும் திறக்கச் செய்கிறார், சிறுவன் உறங்கிப்போகிறான்.

சாவை அமைதியுடன் எதிர்கொள்ளக் குழந்தைகளைப் பழக்குவதற்காகவே கோர்ச்சாக் இந்நாடகத்தைத் தெரிந்தெடுத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவ்விளக்கம் மீண்டும் காப்பவரின் எண்ணத்தையே முன்னிறுத்துகிறது. நாடகத்தைக் கூர்ந்து நோக்கினால், மாதவ தத்தரின் அன்பில் ஐயமில்லை. ஆயினும் அவ்வன்பே சன்னலை மூடுகிறது. காத்தல் என்பது அடைத்தலாகவும் மாறும் என்ற உண்மையைத் தாகூர் மென்மையாகச் சொல்லிச் செல்கிறார். மாதவர் தலைமை மாந்தர் அல்லர். மேடையின் நடுவே அமர்ந்து, தெருவில் போவோரையெல்லாம் பேச்சுக்கு இழுத்து, மலைக்கு அப்பாலுள்ள ஊர்களைக் கற்பனையால் கட்டுபவன் அமல். வார்சாவில் அச்சொற்களைப் பேசியவர்கள் மதிலுக்கு அப்பால் செல்ல இயலாத குழந்தைகள். கோர்ச்சாக் அவையில் அமர்ந்திருந்தார். இல்லத்தின் தலைவர் பார்வையாளராகவும் குழந்தைகள் நடிகராகவும் இருந்த அம்மாலைப்பொழுது, கூத்து வாத்தியாரின் இரண்டாவது வினாவுக்கு வரலாறு தந்த விடை. குழந்தைகளுக்கு வேடம் இருந்தது. அவர்களுக்கு மட்டுமே இருந்தது.

விராடன் அவையில்

தெருக்கூத்தில் திரைப் பிரவேசம் என்பது வெறும் நுழைவன்று. இருவர் பிடித்த திரைக்குப் பின் நின்று, தாம் இன்னார் எனப் பாட்டால் அறிவித்து, கட்டியக்காரனின் வினாக்களுக்கு விடையிறுத்த பின்னரே வேடம் அவைக்கு உரியதாகிறது. பின்பாட்டுக்காரர் ஒவ்வோர் அடியையும் வாங்கிப் பாடுவதால், தன்னறிவிப்பாக இருக்கும்போதே அது பலர் குரலாகவும் ஒலிக்கிறது. பிராட்வேயின் தனிப்பாட்டோடு ஒப்பிட வேண்டிய முதல் வேறுபாடு இது. கூத்தில் ‘நான்’ என்பதை ஒருவர் மட்டும் பாடி முடிக்க முடியாது.

விராட பருவத்தில் இம்மரபு வினோதமான நெருக்கடிக்கு உள்ளாகிறது. பாண்டவரும் திரௌபதியும் ஓராண்டு எவரும் அறியாமல் வாழ வேண்டும். அடையாளம் வெளிப்பட்டால் மீண்டும் பன்னிரண்டாண்டு வனவாசம். படைக்கலங்களை வன்னிமரத்தில் மறைத்துவிட்டு, கங்கன், பிருகன்னளை, சைரந்திரி எனப் பொய்ப்பெயர் பூண்டு விராடனின் ஊருக்குள் நுழைகின்றனர். தம்மை அறிவிப்பதற்கென்றே அமைந்த பிரவேசத்தில் தம்மை மறைக்க வேண்டும். ஆரணிக்கு அருகே ஒரு சிற்றூரில் நான் கண்ட ஆட்டத்தில், கங்கன் தன் பொய்ப்பெயரைச் சொன்ன நொடியில் பெண்கள் பகுதியிலிருந்து தருமா என்று ஒரு குரல் எழுந்தது. அவை முழுதும் சிரித்தது, பிறகு அமைதியானது. அரசன் அறியாததை அவை அறியும். அவ்வறிவு சுமையாகவும் இருக்கிறது. பார்வையாளர் அனைவரும் அந்த இரகசியத்தைக் காப்பவராகிவிடுகின்றனர். புதுப்பெயரும் கத்தோலிக்க வழிபாட்டு வாசகங்களும் மனப்பாடமாகக் கற்பிக்கப்பட்டு, தூக்கத்திலும் பழைய பெயரை உச்சரிக்கக் கூடாதென்று பழக்கப்பட்ட வார்சாக் குழந்தைகளின் நிலைக்கு இதைவிடப் பொருத்தமான மேடைவடிவம் எனக்குத் தெரியவில்லை.

அதைவிட முக்கியமானது, அடைக்கலம் தந்த இடத்தைக் கூத்து புனிதமாக்காமை. சைரந்திரிக்கு இடமளித்தவள் அரசி சுதேட்டிணை. அவள் தம்பி கீசகனே சைரந்திரியைத் துரத்துகிறான். அரசவையில் அவன் அவளை உதைக்கும்போது விராடன் வாளாவிருக்கிறான். கங்கனும் வாய்திறக்க இயலாது. திறந்தால் அனைவரும் அழிவர். பின்னர் அதே விராடன் சினங்கொண்டு கவற்றை வீசியெறிய, கங்கனின் முகத்தில் குருதி வழிகிறது. அது நிலத்தில் விழாதவாறு சைரந்திரி ஏந்திக்கொள்கிறாள். உணவும் உறைவிடமும் தந்த கையே அடிக்கவும் செய்யும். மறைந்து வாழ்ந்த யூதரின் நினைவுக்குறிப்புகளில் நன்றியுடன் கலந்து வரும் கசப்பு இதுவே. அடைக்கலத்தில் சுரண்டப்பட்டவர் உண்டு. பணம் தீர்ந்ததும் வெளியேற்றப்பட்டவர் உண்டு. காப்பாற்றப்பட்டும் பெயரையும் சமயத்தையும் இழந்த குழந்தைகள் உண்டு. காத்தவரைப் போற்றும் இசைநாடகத்தில் இக்கசப்புக்கு இடம் கிடைப்பது அரிது. விராட பருவத்தில் அது கதையின் நடுப்பகுதி, இரவின் நடுச்சாமம்.

இவ்வாசிப்பு ஊரார் வாசிப்பு அன்று என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். விராட பருவம் படித்தால் மழை பொழியும் என்பதே மக்களின் நம்பிக்கை. மாடுபிடிச் சண்டைக்கும் கீசகன் வதைக்கும் காத்திருப்போரே மிகுதி. பாரதக் கூத்தை விரிவாக ஆராய்ந்த ரிச்சர்ட் பிராஸ்கா, ஆல்ப் ஹில்டெபைட்டல் ஆகியோரின் நூல்கள் அதன் சடங்குத்தன்மையை நிலைநாட்டின. அச்சடங்குச் சூழலிலிருந்து ஒரு பகுதியைப் பெயர்த்தெடுத்துப் படுகொலைக்கால வார்சாவின் அருகில் வைப்பது வன்முறையாகத் தோன்றலாம். எனினும், ஒப்பீடு வடிவத்தைப் பற்றியதேயன்றி நிகழ்ச்சியைப் பற்றியதன்று. பாண்டவர் ஓராண்டு முடிந்ததும் படைக்கலங்களை மீட்கின்றனர். வார்சாவில் பெயர்கள் மீட்கப்பட்டபோது, பெற்றோருள் பெரும்பாலோர் உயிருடன் இல்லை.

விராடனுக்கு இல்லாதது

இவ்வொப்பீடு முறியும் இடம் ஒன்று உண்டு. தான் யாருக்கு இடமளித்தோம் என்று விராடனுக்குத் தெரியாது. செண்ட்லருக்குத் தெரியும், தெரிந்தும் தண்டனையை ஏற்கத் துணிந்தார். அறிந்து அடைக்கலம் தருபவரின் அறத்தை விராட பருவத்தில் தேடிப் பயனில்லை. அதற்குச் சிலப்பதிகாரத்தின் மாதரியிடம் செல்ல வேண்டும். கவுந்தியடிகளிடமிருந்து கண்ணகியை அடைக்கலமாக ஏற்ற ஆயர்மகள் அவள். தனி மனை தருகிறாள். சமைக்கப் பொருள் தருகிறாள். மகள் ஐயையைத் துணையாக்குகிறாள். கோவலன் கொலையுண்டபின் அவள் தீப்புகுந்த செய்தியை நீர்ப்படைக் காதையில் மாடலன் கூறும் சில அடிகளில்தான் அறிகிறோம். கண்ணகிக்குக் கோயில் எழுகிறது. மாதரிக்கு எதுவும் இல்லை. காத்தவளின் பங்கை இளங்கோ இவ்வளவு சுருக்கியது புறக்கணிப்பாகத் தோன்றலாம். எனக்கு அது அளவறிந்த செயலாகவே படுகிறது. மாதரி தன்னை வென்றவளாகக் கருதவில்லை, தோற்றவளாகக் கருதினாள். செண்ட்லரின் முதுமைக்கால மொழி மாதரியின் மொழிக்கே நெருக்கமானது.

தமிழ்ச் சூழலில் இவ்விவாதத்துக்கு அண்மைக்கால முகம் ஒன்றும் உண்டு. 1983 சூலையில் கொழும்பில் தமிழர் தாக்கப்பட்டபோது, சிங்கள அண்டைவீட்டார் பலர் அவர்களைத் தம் வீடுகளில் மறைத்துக் காத்தனர். அந்நினைவுகள் வாய்மொழியாகவும் எழுத்தாகவும் உள்ளன. அவற்றை மறைந்திருந்தவர் சொல்லும்போது ஒரு பொருள்; தாக்கிய தரப்பின் பெருமைக்குச் சான்றாக எடுத்தாளும்போது வேறு பொருள். போலந்தின் 2018ஐக் கண்டபின், நாளை எவரேனும் அவற்றை மேடையேற்ற முனைந்தால் திரை யாருக்குக் கட்டப்படுகிறது என்பதையே முதலில் கேட்க வேண்டியிருக்கும்.

கூத்தில் இக்கதையை ஆட முடியுமா? புரிசை கண்ணப்பத் தம்பிரான் மரபினர் புதிய கதைகளுக்கு வடிவத்தைத் திறந்துவிட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஆகவே அயல்கதை என்பது தடையன்று. தடை கட்டை வேடத்தில் இருக்கிறது. கிரீடமும் புசக்கட்டையும் அணிந்து கிறுக்கி வரும் வேடமாக இரேனாவை ஆக்கினால், போஸ்னான் செய்ததையே நாமும் செய்தவராவோம். அவரைக் கட்டியக்காரனின் இடத்தில் நிறுத்தலாம் என்பது என் கருத்து. கட்டியக்காரன் எல்லாக் காட்சியிலும் இருப்பான். அரண்மனைக்குள்ளும் வெளியிலும் போய்வருவான். ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்பான். அவனுக்கென்று கதை இல்லை. இரேனா செய்த பணியும் ஏறத்தாழ அதுவே. அப்போது திரைக்குப் பின்னிருந்து வரவேண்டியவர்கள் குழந்தைகள். ஒவ்வொருவரும் இரு பெயர்களைப் பாட வேண்டும்.

இதை வாத்தியாரிடம் சொன்னேன். கட்டியக்காரனுக்குச் சம்மதித்தார், குழந்தைகள் பாடுவதற்குச் சம்மதிக்கவில்லை. தாம் ஒன்பது வயதில் அரிச்சந்திரன் கூத்தில் லோகிதாசனாகவே முதன்முதலில் களரி ஏறியதாகவும், தமக்கு இருந்த பாட்டு கொஞ்சமே என்றும் சொன்னார். பாம்பு தீண்டி விழுந்தபின், சந்திரமதி ஒப்பாரி வைத்து முடிக்கும்வரை, கொசு கடித்தாலும் அசையாமல் கிடப்பதற்குத்தான் தம் வாத்தியார் பல நாள் பயிற்சி அளித்தாராம்.